நர்சிங் தியரி வார்டில் எதற்கு? பண்பாட்டை மதிக்கும் கவனிப்பு பற்றி ஒரு பதில்

கேள்வி இது: "நான் மூன்றாம் ஆண்டு நர்சிங் படிக்கிறேன். நைட்டிங்கேல் முதல் லைனிங்கர் வரை எல்லாத் தியரியையும் எழுதி மார்க் வாங்கிவிட்டேன். ஆனால் வார்டில் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்வதே இல்லை. நோயாளியின் பண்பாட்டுக்கு ஏற்பக் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். அதற்காக ஒவ்வொரு சமூகத்தின் பழக்கவழக்கத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? இந்தத் தியரிகள் அதற்கு உண்மையில் உதவுமா?"

மனப்பாடம் செய்ய வேண்டாம். செய்து முடிக்கவும் முடியாது, செய்தால் கெடுதலும் வரும். தியரி உதவுமா என்றால், உதவும். நோயாளியிடம் எதைக் கேட்க மறந்தோம் என்பதை அது காட்டிக்கொடுக்கும். எனக்கு இது பாடப் புத்தகத்தில் புரியவில்லை. ஒரு நோயாளியிடம் தவறிய பிறகுதான் புரிந்தது. அதையே முதலில் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. வயதான ஒரு அம்மா டிஸ்சார்ஜ் ஆகிறார். ரத்த அழுத்த மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும், ஏன் நடுவில் நிறுத்தக் கூடாது என்று பொறுமையாகத்தான் விளக்கினேன். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது சிஸ்டர்" என்றார். கேஸ் ஷீட்டில் 'விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சில வாரங்களில் பக்கவாதத்தோடு அதே வார்டுக்குத் திரும்பி வந்தார். மாத்திரை அட்டையில் பாதிகூடக் காலியாகவில்லை. மகளிடம் கேட்டேன். "அம்மா யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவாங்க சிஸ்டர். படிச்சவங்க பேசும்போது குறுக்கே கேள்வி கேட்டா மரியாதை இல்லைன்னு நினைப்பாங்க" என்றார்.

தலையாட்டினால் சம்மதம் என்பது என் வழக்கம். அவருக்கு அது மரியாதை. நாங்கள் இருவரும் பேசியது ஒரே மொழிதான். மதம், ஊர், உடை எதிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால்தான் அங்கே பண்பாடு என்று ஒன்று குறுக்கே நிற்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. பண்பாட்டு வேறுபாடு என்றதும் வெளிநாட்டிலிருந்து வந்த நோயாளியைத்தான் நாம் நினைக்கிறோம். வயது, படிப்பு, வர்க்கம், இவர் முன்னால் எப்படிப் பேச வேண்டும் என்ற பழக்கம் எல்லாமே அதில் அடங்கும்.

சரி, தியரிகளுக்கு வருவோம். முதல் சிலவற்றை வேகமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன்.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் காற்று, வெளிச்சம், சுத்தம் என்று எழுதுவோம். 1859இல் வந்த அவருடைய செவிலியக் குறிப்புகளில் நோயாளியைக் கவனிப்பது பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. பதிலைத் தானே ஊட்டிவிடும் கேள்விகளை அதில் கண்டிக்கிறார். 'நன்றாகத் தூங்கினாரா?' என்று கேட்டால் பயனில்லை, எத்தனை மணி நேரம் தூங்கினார், இரவில் எந்தெந்த நேரம் என்று கேள் என்கிறார். என்னுடைய 'புரிந்ததா?' அவர் கண்டித்த வகைக் கேள்விதான். ஆம் என்பதைத் தவிர அந்த அம்மாவுக்கு நான் வேறு பதிலே வைக்கவில்லை.

வர்ஜீனியா ஹெண்டர்சனின் 14 அடிப்படைத் தேவைகளில் 11ஆவது, தன் நம்பிக்கையின்படி வழிபடுவது. மூச்சு, உணவு, கழிவு, தூக்கம் இருக்கும் அதே பட்டியலில் இதையும் வைத்திருக்கிறார். வார்டில் முதல் சிலவற்றுக்கு அட்டவணை போட்டு நேரம் பார்க்கிறோம், 11ஆவதை நோயாளியின் சொந்த விஷயம் என்று விட்டுவிடுகிறோம்.

ஹில்டகார்ட் பெப்லாவ் 1952இல் செவிலியர்-நோயாளி உறவைப் பற்றி எழுதியபோது, செவிலியரின் முதல் வேடமாகச் சொன்னது 'அந்நியர்'. ஆசிரியர், ஆலோசகர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு அந்நியர்கள் சந்திக்கிறார்கள் என்று தொடங்கினால், எதிரில் இருப்பவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் ஒப்புக்கொண்டே தொடங்குகிறோம்.

டொரோதியா ஓரம் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வார்டில் பெயர் சொல்லாமலே நாம் அதிகம் பயன்படுத்துவது அவருடைய சுய பராமரிப்புத் தியரிதான். 1971இல் நூலாக வந்தது. மனிதர் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முயல்கிறார், முடியாத இடத்தில் செவிலியர் வருகிறார். முழுவதும் செய்து கொடுப்பது, பாதி செய்து கொடுப்பது, சொல்லிக்கொடுத்து ஆதரவாக நிற்பது என்று மூன்று நிலைகள். நீரிழிவு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடல் தேறுவது, ஸ்டோமா (கழிவு வெளியேற வயிற்றில் வைக்கும் திறப்பு) பராமரிப்பு என்று எதற்கும் பொருந்தும். ஆனால் இதன் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: தானே எழுந்து தன் வேலையைத் தானே செய்துகொள்வதுதான் நல்லது, அதுதான் குணமாவதன் அடையாளம். உலகத்தில் பல குடும்பங்களில் அப்படி இல்லை. அப்பாவுக்குக் குளிப்பாட்டுவது மகனின் கடமை, அதைச் செய்ய விடாவிட்டால் மகனுக்குத்தான் குறை. அறுவை முடிந்த மூன்றாம் நாள் 'நீங்களே சாப்பிடுங்கள்' என்று நாம் சொல்லும்போது, நோயாளிக்கு 'உன்னைக் கவனிக்க ஆள் இல்லை' என்று கேட்கலாம். பிறரைச் சார்ந்திருப்பவருக்கு வேண்டியவர்கள் செய்யும் கவனிப்பு பற்றியும் ஓரம் பேசியிருக்கிறார். அந்தப் பகுதியைத்தான் நாம் படிக்காமல் தாண்டுகிறோம். அதனால் தியரியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 'இந்த வீட்டில் சுயம் என்பது ஒருவரா, ஒரு குடும்பமா?' என்று கேட்டுக்கொண்டு கேர் பிளான் போட்டால் போதும். யாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், யார் கையில் இன்சுலின் பேனாவைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்ல வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

இப்போது மேடலின் லைனிங்கர். உங்கள் கேள்வியின் மையமே இவர்தான்.

1950களின் நடுவில் அமெரிக்காவின் சின்சினாட்டியில், மனநலப் பிரச்சினை உள்ள குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றில் வேலை செய்தார். வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்த குழந்தைகள். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, பெரியவர்களிடம் நடந்துகொள்வது என்று எல்லாவற்றிலும் ஒவ்வொரு குழந்தையும் எதிர்பார்த்தது வேறு வேறாக இருந்தது. அன்றைய உளவியல் முறைகளில் அதற்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஒரே மாதிரி கவனித்தால் சில குழந்தைகள் தேறின, சில குழந்தைகள் இன்னும் ஒதுங்கின. தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். அதைத் தேடி மானுடவியல் படிக்கப் போனார். நியூகினியின் கிழக்கு மலைப்பகுதியில் கட்சுப் மக்களோடு தங்கி ஆய்வு செய்தார். 1965இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மானுடவியலில் முனைவர் பட்டம் பெற்றார். குறுக்குப் பண்பாட்டுச் செவிலியத்துக்கான சங்கம் 1974இல் தொடங்கியது, தியரி முழு நூலாக 1991இல் வந்தது. 2012இல் காலமானார்.

அவர் சொன்னதைச் சுருக்கினால்: அக்கறை எல்லா மனிதக் கூட்டத்திலும் உண்டு. ஆனால் அது எப்படிக் காட்டப்படுகிறது, எதை அக்கறை என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது ஒருவருக்கு அக்கறை. தொந்தரவு செய்யாமல் தனியே விடுவது இன்னொருவருக்கு அக்கறை. வீட்டில் தலைமுறையாக வந்த கவனிப்பு ஒன்று, நாம் படித்து வந்த தொழில்முறைக் கவனிப்பு ஒன்று. இரண்டையும் தெரிந்துகொண்டு இணைக்கும் ஆளாகச் செவிலியரை அவர் பார்த்தார். அவருடைய தியரியை விளக்கும் உதயசூரியன் வரைபடத்தை வரைந்து மார்க் வாங்குகிறோமே, அதன் கதிர்களில் உறவுமுறை, மதம், பொருளாதாரம், கல்வி, அரசியல், தொழில்நுட்பம், வாழ்க்கை முறை எல்லாம் வருவது இதனால்தான். ஒரு மனிதர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்பதற்கான காரணம் அந்தக் கதிர்களில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

வார்டுக்கு நேரடியாக வருவது அவர் சொன்ன மூன்று வழிகள். காப்பது, இணங்கிப் பேசி ஏற்பாடு செய்வது, மாற்றி அமைப்பது.

நோயாளி கையில் ஒரு கயிறு கட்டியிருக்கிறார். கேனுலா (மருந்து ஏற்றும் குழாய்) போடும் இடத்தில் இல்லை, ரத்த ஓட்டத்தை இறுக்கவில்லை. அப்படியே விடுங்கள். இது காப்பது. 'கழற்றுவதுதான் ரூல்' என்று சொல்வதற்கு முன், அந்த ரூல் எதற்காக வந்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அதே நோயாளி அறுவை அரங்குக்குப் போகிறார், கயிறு கட்டிய கையில்தான் அறுவை. இப்போது கழற்றத்தான் வேண்டும். கத்தரிக்கோலோடு போய் நிற்காதீர்கள். அது என்ன, யார் கட்டியது, அவிழ்க்கலாமா அறுக்கலாமா, வேறு கைக்கு மாற்றலாமா, திரும்பி வரும்வரை யார் வைத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே வழி சொல்லிவிடுவார்கள். நோன்பு இருக்கும் நீரிழிவு நோயாளிக்கும் இதே வழிதான். நோன்பு இருக்கலாமா கூடாதா என்று சண்டை போடுவதை விட, எத்தனை மணி நேரம், எந்த வேளையில் சாப்பிடுவார் என்று முன்கூட்டியே கேட்டு, மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற முடியுமா என்று பாருங்கள். எந்த அறிகுறி வந்தால் நோன்பை உடனே முடிக்க வேண்டும் என்பதையும் பேசிவையுங்கள். கேட்காவிட்டாலும் அவர் நோன்பு இருக்கத்தான் போகிறார், நமக்குத் தெரியாமல் இருப்பார். ஆபத்து அதில்தான்.

மூன்றாவது வழி அரிதாகத்தான் தேவைப்படும், தேவைப்படும்போது பின்வாங்கவும் கூடாது. பிறந்த குழந்தையின் தொப்புள் கொடியில் மண்ணையோ சாணத்தையோ சாம்பலையோ வைக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது. மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். குழந்தை இறந்துபோகலாம். இதை மரியாதை கருதி விட முடியாது. ஆனால் அந்தப் பாட்டி ஏன் வைக்கிறார் என்று பாருங்கள்: காயம் சீக்கிரம் ஆற வேண்டும், குழந்தைக்கு எதுவும் அண்டக் கூடாது. நாம் விரும்புவதும் அதுதான். 'நீங்கள் செய்வது தவறு' என்று தொடங்கினால் நம் எதிரில் தலையாட்டிவிட்டு வீட்டில் போய் வைப்பார். 'குழந்தையைக் காப்பாற்றணும்னு நினைக்கிறீங்க, நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன்' என்று தொடங்கி, கொடியைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைப்பதை அவர் கையாலேயே செய்ய விடுங்கள். குழந்தையைக் காக்கும் பொறுப்பு அவரிடமே இருக்கட்டும், பொருள் மட்டும் மாறட்டும்.

இந்த இடத்தில் எனக்கு லைனிங்கரிடம் ஒரு கேள்வி உண்டு. எதைக் காக்கலாம், எதை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்வது யார்? அவருடைய முறையில் நோயாளியோடு சேர்ந்துதான் முடிவு எடுக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் அந்த அதிகாரம் சீருடை போட்ட நம் கையில் இருக்கிறது. இதைக் கூர்மையாக எடுத்துப் பேசியவர் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி இனத்தைச் சேர்ந்த செவிலியர் ஐரிஹபேட்டி ராம்ஸ்டன்.

1988இல் அங்கே நடந்த ஒரு கூட்டத்தில் முதலாம் ஆண்டு மவோரி மாணவி ஒருவர் எழுந்தார். சட்டப் பாதுகாப்பு, அறநெறிப் பாதுகாப்பு, சிகிச்சையில் பாதுகாப்பு என்றெல்லாம் சொல்கிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டார். உங்களைப் போன்ற ஒரு மாணவியின் கேள்விதான். ராம்ஸ்டன் அதை வளர்த்தெடுத்தார். நியூசிலாந்து நர்சிங் கவுன்சில் 1992இல் அதைச் செவிலியப் படிப்பின் பகுதியாக்கியது. குடியேற்ற ஆட்சியில் நிலத்தையும் மொழியையும் இழந்த மக்கள், அந்த ஆட்சி கட்டிய ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்கினார்கள், தாமதமாக வந்தார்கள், வந்தாலும் பாதியில் போனார்கள். அதற்கு அவர்களுடைய பழக்கவழக்கத்தைப் படித்தால் தீர்வு கிடைக்காது என்று ராம்ஸ்டன் கண்டார். செவிலியர் முதலில் ஆராய வேண்டியது தன் பண்பாட்டை, தன் கையிலிருக்கும் அதிகாரத்தை. கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் அதைப் பெற்றவர்.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபடுகிறோம், நம்மையா குற்றம் சொல்கிறார்கள் என்று. பிறகு வார்டைச் சுற்றிப் பார்த்தேன். அதிகாலையில் எல்லோரையும் எழுப்பி உடம்பு துடைக்கிறோம். இரண்டு பேர்தான் பார்க்க வரலாம் என்கிறோம். பின்புறம் திறந்த கவுனைப் போட வைத்துத் தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டு போகிறோம். நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறோம். இதெல்லாம் மருத்துவ அறிவியல் சொன்னதா? பெரும்பாலும் இல்லை. இது ஆஸ்பத்திரியின் பண்பாடு, அதற்கும் சடங்கு உண்டு, மொழி உண்டு, மேல் கீழ் உண்டு. நாமும் ஒரு பண்பாட்டுக்குள் நிற்கிறோம் என்று தெரிந்த பிறகு, 'இவர் ஒத்துழைக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை. எதற்கு ஒத்துழைக்கவில்லை, யாருடைய வசதிக்கு என்று கேட்கத் தோன்றியது.

இதே திசையில் 1998இல் அமெரிக்க மருத்துவர்கள் மெலனி டெர்வலோனும் ஜேன் மர்ரே-கார்சியாவும் 'பண்பாட்டுப் பணிவு' என்ற சொல்லை முன்வைத்தார்கள். இன்னொருவரின் பண்பாட்டில் 'தேர்ச்சி' பெற்றுவிட்டோம் என்று எந்த நாளும் சொல்ல முடியாது, வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். தேர்ச்சி என்ற சொல் மீது எனக்கும் நம்பிக்கை இல்லை.

மனப்பாடம் செய்தால் கெடுதல் வரும் என்றேன் அல்லவா? 1995இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு. நான்கு சமூகங்களைச் சேர்ந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 800 பேரிடம், பரவிய புற்றுநோய் இருந்தால் நோயாளியிடமே சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். ஆம் என்றவர்கள் கறுப்பின அமெரிக்கர்களில் 88 சதவீதம், ஐரோப்பிய வழியினரில் 87, மெக்சிகோ வழியினரில் 65, கொரியா வழியினரில் 47. இதைப் படித்துவிட்டு 'கொரியர்களிடம் சொல்லக் கூடாது, குடும்பத்திடம் சொல்ல வேண்டும்' என்று குறித்து வைத்துக்கொள்வது எளிது. அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள். கொரியர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொல்ல வேண்டும் என்கிறார்கள். எதிரில் இருப்பவர் எந்தப் பாதி என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. மற்ற சமூகங்களிலும் வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் சொல்லிவிடுவதும் அதே தவறுதான்.

ஆகவே கேளுங்கள், முடிவு வருவதற்கு முன்னாலேயே. 'டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் சிலர் எல்லாத்தையும் தாங்களே தெரிஞ்சுக்க விரும்புவாங்க, சிலர் வீட்டில் ஒருத்தரிடம் சொன்னால் போதும்பாங்க. உங்களுக்கு எப்படி வசதி?' குடும்பம் வந்து 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க' என்று கண்ணீரோடு நின்றாலும், முதலில் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று தெரிய வேண்டும். 'என் பையன் பார்த்துக்குவான்' என்று அவரே சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவு, மதிக்கலாம். அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டோம் என்பதைக் குடும்பத்திடம் அன்போடு, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வலியிலும் இதே கதைதான். இந்த இனத்தவர் கத்துவார்கள், அந்த இனத்தவர் பொறுத்துக்கொள்வார்கள் என்று ஒரு காலத்தில் பாடமே இருந்தது. கத்துபவருக்கு 'நடிக்கிறார்' என்று மருந்து தாமதமாகும், பொறுப்பவருக்கு 'வலி இல்லை' என்று தாமதமாகும். பட்டியல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நோயாளிக்குத்தான் நஷ்டம். வலிக்கு எண் கேட்பதோடு, 'வலி வந்தா நீங்க வழக்கமா வெளியே சொல்வீங்களா, உள்ளேயே வச்சுக்குவீங்களா?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில் அடுத்த ஷிப்ட்டுக்கும் உதவும்.

அதற்காக, நோயாளியின் பண்பாட்டைத் தெரிந்துகொள்ளப் பர்னல் வகுத்த 12 களங்களும், கைகர்-டேவிட்ஹைசர் வகுத்த ஆறு அம்சங்களும் வீண் என்று நினைக்காதீர்கள். தொடர்பு, இடைவெளி, சமூக அமைப்பு, நேரம், சூழலைக் கட்டுப்படுத்தல், உடலியல் வேறுபாடு என்ற ஆறையும் விடையாகப் படித்தால் ஆபத்து, கேள்விகளின் தலைப்பாகப் படித்தால் நல்ல கருவி. கடைசியாக வரும் உடலியல் வேறுபாட்டை நாம் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறோம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒளியை வைத்துத்தான் ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது, தோலின் நிறமி அதில் குறுக்கிடும். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நேரத்தில் தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களின் அளவீடுகளில் 3.6 சதவீதம். படுக்கைப் புண்ணின் முதல் நிலையைச் 'சிவப்பு' என்று படித்தோம், கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடத்தின் சூடு, கடினம், வலி, சுற்றியுள்ள தோலோடு வேறுபாடு ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நீலம் பாரித்தலை உதட்டின் உட்புறத்திலும், சோகையைக் கண்ணிமையின் உள்ளேயும் பாருங்கள். பாடப் புத்தகம் எந்தத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது என்று கேட்பதும் பண்பாட்டை மதிக்கும் கவனிப்புதான்.

மொழி வேறாக இருந்தால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். 1980இல் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் கொண்டு வந்தார்கள். குடும்பத்தார் ஸ்பானிஷில் 'இன்டாக்சிகாடோ' என்றார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் சொன்னார்கள். கேட்டவர்கள் அதை அதே ஓசையுள்ள ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்டு போதை மருந்து அதிகமானதற்குச் சிகிச்சை செய்தார்கள். உண்மையில் மூளையில் ரத்தக் கசிவு. தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது, கைகால் நான்கும் செயலிழந்தன. இத்தனைக்கும் அங்கே இரு தரப்புமே ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்தது என்றுதான் நினைத்தார்கள். வீட்டுக் குழந்தையை மொழிபெயர்க்க வைப்பது இன்னும் கொடுமை. தாயின் மாதவிடாயையோ தந்தையின் புற்றுநோயையோ பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தாலும் கண் நோயாளியைப் பார்க்கட்டும், பேச்சு நோயாளியிடம் இருக்கட்டும்.

மொழி ஒன்றாகவே இருந்தாலும் கேட்க வேண்டியவை உண்டு. மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் தன் சக ஆய்வாளர்களோடு 1978இல் எழுதிய கட்டுரையில் சில கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பிரச்சினை எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் இப்போது வந்தது? அது உடம்பை என்ன செய்கிறது? எந்த மாதிரிச் சிகிச்சை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? இதில் எதற்கு மிகவும் பயப்படுகிறீர்கள்? எல்லாவற்றையும் கேட்க நேரம் இருக்காது. ஒன்றுதான் கேட்க முடியும் என்றால் எதற்குப் பயம் என்று கேளுங்கள். நோயாளி அதுவரை யாரிடமும் சொல்லாதது அங்கேதான் வெளியே வரும்.

அந்த அம்மா இரண்டாவது முறை டிஸ்சார்ஜ் ஆனபோது நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். 'புரிந்ததா' என்று கேட்கவில்லை. "இந்த மாத்திரை எதுக்குன்னு நீங்க நினைக்கிறீங்கம்மா? வீட்டுக்குப் போய் எப்படிப் போட்டுக்குவீங்க, எனக்குச் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார். பிறகு வலப்பக்கம் இழுத்த வாயோடு மெதுவாகச் சொன்னார்: "தலை சுத்தினா போட்டுக்குவேன். சுத்தலைன்னா எதுக்கு மருந்து? மருந்து அதிகமானா உடம்பு அதுக்கு அடிமையாயிடும்." அவ்வளவுதான். மறதி இல்லை, அலட்சியம் இல்லை. தன் உடம்பைப் பற்றி அவருக்குத் தெளிவான ஒரு கணக்கு இருந்தது, அதன்படிச் சரியாகவே நடந்திருக்கிறார். முதல் தடவையே கேட்டிருந்தால் முதல் தடவையே சொல்லியிருப்பார்.

பரீட்சைக்கு ஒரு வார்த்தை. எந்தத் தியரி சிறந்தது என்று கேட்டால் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். தினசரி கவனிப்புக்கு ஓரம், உறவுக்குப் பெப்லாவ், வீட்டு வழக்கத்தோடு இணைக்க லைனிங்கர், உங்களையே சோதித்துக்கொள்ள ராம்ஸ்டன் என்று நோயாளியின் நிலைக்கு ஏற்ப எடுத்து எழுதலாம். எந்த மதிப்பீட்டாளரும் மார்க் குறைக்க மாட்டார். ஒரே கேர் பிளானில் எல்லாரையும் திணிக்க வேண்டாம்.

வார்டில் நேரம் இல்லை என்பீர்கள். உண்மைதான், ஆள் குறைவான ஷிப்ட்டில் நானும் நின்றிருக்கிறேன். அதனால்தான் கேட்டதை எழுதி வைக்கச் சொல்கிறேன். ஒருவர் கேட்டது ஷிப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவரில் போகாவிட்டால் அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார், அல்லது கேட்கவே மாட்டார். 'இன்ன மதம்' என்ற ஒற்றைச் சொல் யாருக்கும் உதவாது. இப்படி எழுதுங்கள்: 'உடம்பு துடைக்க மகள் வரும்வரை காத்திருக்க விரும்புகிறார், மாலை ஆறு மணிக்கு வருவார். ரிசல்ட்டை முதலில் தன்னிடமே சொல்லச் சொன்னார். வலியை வாயால் சொல்ல மாட்டார், போர்வையை இறுகப் பிடித்தால் கேட்கவும்.'